கைக்குட்டை எடுத்தால் கைதட்டு

மனாமாவின் குதைபியாவில் சாதிக் பாட்ஷாவின் துணிக்கடை ஷட்டர் அன்று பாதி இறங்கியிருந்தது. உள்ளே, சட்டைத் துணிக் கட்டுகளுக்கு நடுவே, இருபது முப்பது ஆண்கள் நெருக்கியடித்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்தது நன்றாகத்தான் இருந்தது. நிறுத்தத்தான் ஒருவருக்கும் வரவில்லை.

சாதிக் பாட்ஷா துணி அளக்கும் கம்பியால் மேசையை இரண்டு போடு போட்டார்.

"இது கல்யாண வீடு இல்லப்பா, ஆப்பரா. ஒரு கௌரவம் வேணும். ஆரம்பிச்சா எல்லாரும் சேர்ந்து ஆரம்பிக்கணும், நிறுத்துனா சேர்ந்து நிறுத்தணும்."

கூட்டத்தின் தலைவர் அம்மையப்பன். சல்மாபாத் தொழிலாளர் கேம்ப்பில் ஃபோர்மேன், முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு இந்தப் பாடம் கொஞ்சம் ரோஷமாக இருந்தது.

"பாய், ஊருல தலைவர் பேசுற கூட்டத்துக்கெல்லாம் லாரில போயி தட்டிட்டு வந்த கை இது. எங்களுக்குத் தட்டத் தெரியாதா? எங்க தட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

எங்கே தட்டுவது என்பதுதான் சாதிக் பாட்ஷாவுக்கும் தெரியாது.

இத்தனைக்கும் காரணம் அவருடைய ஒரே மகள் ஷிரின். அவரைப் போன்ற கீழக்கரைக்காரர்கள் பிள்ளைகளை டாக்டருக்கும் எம்.பி.ஏ.வுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தபோது, இவர் மகள் பள்ளிக்கூட விழாவில் மைக் கெட்டுப்போன ஒரு நாளில் மைக் இல்லாமலே பாடிவிட்டாள். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அதைக் கேட்ட ஒரு உக்ரைன்காரப் பியானோ டீச்சர், இது ஆப்பராக் குரல், பாட்டாலேயே நாடகம் நடத்துகிற குரல், வீணாக்காதீர்கள் என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள். விளம்பரம் இல்லாமல் விற்கிற சரக்கு என்றால் சாதிக் பாட்ஷாவுக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. மைக் இல்லாமல் ஒரு மண்டபத்தை நிறைக்கிற குரல் அந்த ரகம் என்று அவருக்கு உடனே பட்டது. இத்தாலிக்குப் படிக்க அனுப்பிவிட்டார். ஊரில் கேட்பவர்களுக்கு "ஷிரின் இத்தாலியில படிக்குது" என்று பதில். என்ன படிக்கிறது என்று கேட்பவர்களிடம், எப்போது ஊருக்கு வந்தாய், பிள்ளைகள் சௌக்கியமா என்று அவர் திருப்பிக் கேட்டுவிடுவார்.

படிப்பு முடிகிற வழியாகத் தெரியவில்லை. முதலில் மூச்சு விடப் படித்தாள். மூச்சு விடக்கூடவா ஃபீஸ் என்று சாதிக் பாட்ஷா கேட்டார். பிறகு இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு. பேசுவதற்கு அல்ல, பாட்டில் வாய் திறக்கிற விதத்துக்காக. பிறகு மேடையில் விழப் படித்தாள், சாகப் படித்தாள், செத்துக்கொண்டே பாடப் படித்தாள். முதல் வேலையாகக் கோரஸில் பின்வரிசை கிடைத்தது. அடுத்து ஒரு வேலைக்காரி வேஷம். "சீமாட்டி வருகிறாள்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக மூன்று வாரம் ஒத்திகை பார்த்தார்கள். அதற்கும் பிறகு ஒரு பெரிய பாடகிக்கு கவர் வேலை. அதாவது, அந்த அம்மாவுக்குச் சளி பிடித்தால் இவள் பாட வேண்டும். பிடிக்காவிட்டால் முழுப் பாட்டையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். சம்பளம் உண்டு.

"சும்மா இருக்கிறதுக்குச் சம்பளமா?" என்று போனில் ஆச்சரியப்பட்டார் அவர்.

"சும்மா இல்ல வாப்பா. ரெடியா இருக்கணும்."

"ஸ்டெப்னி டயரு மாதிரி."

"ஆமா வாப்பா," என்றாள் ஷிரின். அந்த "ஆமா"வில் ஒரு பெருமூச்சு இருந்தது. மூச்சைப் படித்தவள் ஆயிற்றே, நீளமாகவே இருந்தது.

இப்போது ஷிரினுக்கு ஒரு வழி திறந்திருந்தது. வளைகுடாவில் வளர்ந்த இளம் பாடகர்களுக்காக மனாமாவில் ஒரு போட்டி. ஜெயிக்கிற ஒருவருக்கு ஜெர்மனியில் ஓர் ஆப்பரா ஸ்டூடியோவில் இரண்டு வருடப் பயிற்சி இடம். அங்கே போனால் வேலைக்காரி வேஷத்திலிருந்து பெயருள்ள வேஷத்துக்கு ஏறலாம். வயது வரம்பு அவளுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. கிடைக்காவிட்டால் மனாமாவிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சராகச் சேர்ந்துவிடுவதாக அவள் முடிவு செய்திருந்தாள். பாப்பாக்களுக்குக் கைதட்டிப் பாடச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

அரையிறுதி முடிந்து வீட்டுக்கு வந்த அன்று ஷிரின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். குரல் கெடக் கூடாதென்று மிளகாய் சேர்க்காமல் அவளுக்கென்று தனியாகச் சமைத்திருந்தாள் அவள் உம்மா ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்.

"தேறிட்டேல்ல, பிறகென்ன?" என்றார் சாதிக் பாட்ஷா.

"ஹால்ல பதினோரு பேர் வாப்பா. அதுல நாலு பேர் ஏசிக்காக உள்ள வந்தவங்க. தலகாணிக்குள்ள பாடுற மாதிரி இருக்கு. ஃபைனல்லயும் இப்படித்தான் இருக்கும். ஜட்ஜுங்க என்னதான் பாட்டை மட்டும் பார்த்தாலும், காலி சீட்டைப் பார்த்துப் பாடினா எனக்குக் குரல் எழும்பாது."

பிறகு அவளே சிரித்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் கூலிக்குக் கைதட்டுகிறவர்கள் இருந்தார்களாம். தலைவன், கையாள், எங்கே தட்டுவது, எங்கே அழுவது, எல்லாம் கணக்காம். பாடகர்கள் அவர்களுக்குப் பயந்து நடுங்குவார்களாம். இப்போது அப்படிச் செய்தால் அசிங்கம், யாரும் செய்வதில்லை என்றும் சொன்னாள். சாதிக் பாட்ஷா முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டார். இரண்டாம் பாதியின்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இது புது விஷயமே இல்லை. காலிக் கடைக்குள் எவனும் கால் வைக்கமாட்டான் என்பதைத் துணி மடிக்கத் தெரிவதற்கு முன்பே தெரிந்துகொண்டவர். சூக் கடைத்தெருவில் புதுக் கடை திறந்தால் சொந்தக்காரர்கள் நாலு பேரை வாடிக்கையாளர் மாதிரி நிற்கவைத்து, "அடடா, இதுவா விலை" என்று சொல்லவைப்பது அவர் பார்த்துப் பார்த்துப் புளித்த வித்தை. தன் கடைக்கு மட்டும் அவர் அதைச் செய்ததில்லை. தன் சரக்கு தானே பேசும் என்பது அவர் கட்சி.

அதற்கு அவரிடம் உயிருள்ள ஆதாரம் ஒன்று இருந்தது. பெயர் பத்மநாபன்.

கொரோனா முடிந்த பிறகு கடை ஈயாடிக் கிடந்தது. சாதிக் பாட்ஷா வீட்டுக்கு வந்தால் இடியாப்பத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். அப்படி ஒரு வியாழக்கிழமை, அந்தி மக்ரிப் தொழுகை முடிந்த நேரம், நாகர்கோவில்காரர் ஒருவர் கடைக்குள் வந்தார். ரெண்டு தெரு தள்ளி மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஒரு சட்டைத் துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார், விளக்கில் பிடித்துப் பார்த்தார், பிறகு தெரு வரைக்கும் கேட்கிற குரலில், "மனாமாவுல இப்பிடி ஒரு துணி கெடக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். பேரம் பேசாமல் வாங்கினார். வாசலில் சும்மா நின்ற இரண்டு மலையாள நர்ஸுகள் உள்ளே வந்து ஆளுக்கு மூன்று சுரிதார் எடுத்தார்கள்.

அன்றிலிருந்து பத்மநாபன் வியாழக்கிழமை தவறியதில்லை. வார விடுமுறைக்கு முந்திய சாயங்காலம், தெரு நிறைந்திருக்கும் நேரம் பார்த்து வருவார். வந்தால் புகழ்வார், புகழ்ந்தால் வாங்குவார், அவர் வாங்கினால் பின்னால் நாலு பேர் வாங்குவார்கள். கடை நிமிர்ந்தது. சாதிக் பாட்ஷாவின் வயிறும் பழைய நிலைமைக்கு வந்தது. "கைராசிக்காரரு" என்று வீட்டில் வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். ஃபிர்தௌஸ் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவளும் சிக்கனக்காரி. வீட்டுத் தலையணை உறை, ஜன்னல் திரை, வாஷிங் மெஷின் மூடி எல்லாமே ஆம்பிளைச் சட்டைத் துணியில் தைத்ததுதான். கோடு போட்டது, கட்டம் போட்டது, எல்லாம் இவர் கடை ரகம். ஏது என்று ஒருமுறை கேட்டதற்கு, "மீதித் துணிதான் மச்சான், கெடந்து வீணாப்போவுது" என்றாள். இப்படி ஒரு பெண்டாட்டி அமைந்ததற்கு அவர் மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

சரி, ஹாலை நிறைக்க வேண்டும். முதலில் கடைக்கு வருகிறவர்களிடம் இலவச பாஸ் நீட்டினார். ஆப்பரா என்றதும் வாங்கியவர்கள் பாஸைப் பையில் வைத்துக்கொண்டு, துணியைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்ததாக அம்மையப்பனைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை கேம்ப்புக்கு லீவு, பிரியாணி உண்டு என்றதும் இருபது முப்பது பேர் கிளம்பினார்கள். அது போதாது என்று ஆளுக்கொரு சட்டைத் துணி இலவசம் என்று அறிவித்தார். கடையில் நாலு வருடமாக எவனும் தொடாத கத்தரிக்காய் நிறக் கட்டம் ஒன்று கிடந்தது. கூட்டம் அறுபதைத் தொட்டது. துணியைக் கொடுத்தால் ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று சந்தேகப்பட்டு அவரே சட்டையாகத் தைத்துக் கொடுக்கவும் ஏற்பாடு செய்துவிட்டார். அறுபது பேருக்கும் ஒரே கட்டம் என்பதன் விளைவை அவர் அப்போது யோசிக்கவில்லை.

மிச்சமிருந்தது எங்கே தட்டுவது என்ற கேள்வி. ஷிரினிடம் நைசாகப் பாட்டைப் பற்றி விசாரித்தார்.

"ஒரு பொண்ணு வீட்டை விட்டு வெளியூர் போறா வாப்பா. தூங்குற அப்பாவை எழுப்பாமப் பாடிட்டுப் போறா."

"எழுப்பாமப் பாடுறதுக்கா இவ்வளவு சத்தம்?"

"ஆப்பரால அப்படித்தான். ஆனா கடைசில சத்தம் குறைஞ்சுட்டே வரும். ரொம்ப மேல, ரொம்ப மெல்லிசா ஒரு நோட். அதுதான் கஷ்டம். நடுவுல ரெண்டு இடத்துல நின்னு மூச்செடுப்பேன், முடிஞ்ச மாதிரி இருக்கும், முடியலை. அங்க யாராவது தட்டினா நான் செத்தேன்."

மகளைச் சாகவிடாமல் தட்டுவதற்கு ஒரே வழி, தாமே பார்த்து ஜாடை காட்டுவது. மூன்றாவது வரிசை ஓரத்தில் தாம் உட்காருவது, வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முகம் துடைப்பது, துடைத்தால் அறுபது பேரும் தட்டுவது. கடைக்குள் பாதி ஷட்டரில் அடுத்தடுத்து நடந்த பயிற்சி இதுதான். அம்மையப்பன் பையன்கள் இரண்டே வாரத்தில் ஒரே கையாகத் தட்டக் கற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கூலிப் பட்டாளத்தில் பத்மநாபனை அவர் சேர்க்கவில்லை. வியாழக்கிழமை கடைக்கு வந்தவரிடம் முன்வரிசை பாஸ் ஒன்றை உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தார்.

"மத்தவங்களைக் கூட்டிட்டு வர்றேன். உங்களை அழைக்கிறேன். உங்க வாயிலேர்ந்து பொய்யா ஒரு பாராட்டு வராது, அது எனக்குத் தெரியும்."

பத்மநாபன் உறையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அய்யோ பாய், எனக்கு ஆப்பராவெல்லாம்..." என்று இழுத்தார். வாங்கிக்கொண்டார். அன்றைக்குத் துணியைப் புகழும்போது அவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது ஃபிர்தௌஸுக்குப் புரையேறியது.

"அவர எதுக்கு மச்சான் கூப்பிட்டீங்க?"

"ரசிகன் ஒருத்தனாவது வேணாமா?"

அவள் தண்ணீர் குடித்துவிட்டு, மாத்திரை தீர்ந்துவிட்டது, மெடிக்கலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். மாத்திரை டப்பா மேஜைமேல் பாதி நிறைந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கடலோரத்து அரங்கத்தின் வாசலில் கம்பெனி பஸ் நின்று, கத்தரிக்காய் நிறக் கட்டத்தில் அறுபது ஆண்கள் தலைவாரி இறங்கினார்கள். வாசல் செக்யூரிட்டி, எந்தக் கம்பெனி, மெயின்டனன்ஸ் ஆட்கள் பின்வாசலில் அல்லவா வர வேண்டும் என்று கேட்டான். "பாட்டுக்கு" என்றார் அம்மையப்பன். அவன் அதைக் கோரஸ் என்று எடுத்துக்கொண்டு மரியாதையாக மேடைப் பக்கம் வழிகாட்டினான். அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து சீட்டில் அமர்த்துவதற்குள் சாதிக் பாட்ஷாவுக்கு வேர்த்துவிட்டது. கைக்குட்டையை எடுக்கப் போனவர் நல்லவேளை, நினைவு வந்து சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

ஐந்து பேர் பாட வேண்டும். ஷிரின் கடைசி.

முதலில் ஒரு பிலிப்பைன்ஸ் பையன். கடையில் புதுப் பட்டுச் சுருளைக் கல்லாவின் மேல் ஒரு தள்ளு தள்ளினால் எப்படி வழுக்கிக்கொண்டு விரியுமோ, அப்படி விரிந்தது அவன் குரல். என்ன மொழி, என்ன துக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பாட்டின் பாதியில் சாதிக் பாட்ஷாவின் கண் நிறைந்துவிட்டது. யோசிக்காமல் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

அறுபது ஜோடிக் கைகள் இடி மாதிரி இறங்கின. மேடையில் பையன் ஒரு அடி பின்வாங்கினான். பிறகு நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான், இன்னும் உற்சாகமாகத் தொடர்ந்தான். ஹாலில் இருந்த மற்றவர்களும், விவரம் தெரிந்தவர்கள் தட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று கூடச் சேர்ந்து தட்டினார்கள்.

"போட்டிக்காரனுக்கு ஏன் மச்சான் தட்டச் சொன்னீங்க?" என்றாள் பக்கத்தில் ஃபிர்தௌஸ்.

"நான் அழுதேன்."

"வீட்டுல போய் அழுதுக்கிட்டா என்ன?"

இரண்டாவது பாடகிக்கு அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஆனால் முன்சீட்டு அம்மாள் பூசியிருந்த ஊது அத்தர் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மலுக்குக் கைக்குட்டை வந்தது. கைக்குட்டைக்குக் கைதட்டல் வந்தது. தும்மலுக்குக் கிடைத்த கைதட்டலைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு அந்தப் பெண் கண்கலங்கினாள். மூன்றாமவன் பாடும்போது மிச்சத் தும்மல் இரண்டு வந்தது. அவனுக்கு இரண்டு கைதட்டல்.

கைக்குட்டையை மனைவியின் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பின்வரிசைக்கு ஆள் மாற்றி ஆளாகச் சேதி அனுப்பினார்: கைக்குட்டை கேன்சல். இனி நான் எழுந்து நின்றால்தான் தட்ட வேண்டும். அம்மையப்பன் அங்கிருந்தே கட்டை விரலைக் காட்டினார்.

அடுத்து நான்காவது பெண்ணின் முறை. அவளுக்கு முன்பு ஒரு ஆள் வந்து பியானோ ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அந்த நேரம் பார்த்துத் தாமதமாக வந்த ஒரு அரபு அம்மாள் மூன்றாவது வரிசைக்குள் நுழைய வழி கேட்டாள். பெண்பிள்ளைக்கு வழிவிட எழுந்து நிற்காமல் இருக்க முடியுமா? எழுந்தார். ஹால் அதிர்ந்தது. ஸ்டூல் போட்டவன் திடுக்கிட்டுத் திரும்பி, சற்று யோசித்து, சபைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனான். அந்தப் பெண் பாடி முடித்ததும், ஸ்டூலுக்கே தட்டியாயிற்று என்று சாதிக் பாட்ஷாவே எழுந்து அவளுக்கும் தட்டவைத்தார்.

நடுவர்கள் மூவரும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த ஒல்லியான ஜெர்மன் அம்மாள்தான் அந்த ஸ்டூடியோவின் தலைவி. கத்தரிக்காய்க் கட்டங்களை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சாதிக் பாட்ஷா மனசுக்குள் கணக்குப் போட்டார். ஷிரினுக்கு என்று சேர்த்து வைத்ததெல்லாம் நாலு பேருக்கும் ஒரு ஸ்டூலுக்கும் போய்விட்டது. இனி மகளுக்குத் தட்டினாலும், இதுகள் எதற்கும் தட்டும் ஜென்மங்கள் என்றுதான் அந்த அம்மாள் நினைப்பாள். பாதியில் தட்டித் தொலைத்தால் கதையே முடிந்தது.

கடைசிச் சேதி பின்னால் போனது. நான் எழுந்தாலும் சரி, விழுந்தாலும் சரி, யாரும் கையை அசைக்கக் கூடாது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் மட்டும்தான். அம்மையப்பன் வரிசை வரிசையாகத் திரும்பி முறைத்தார். அறுபது பேரும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஷிரின் வந்தாள்.

சாதிக் பாட்ஷா அவள் பயிற்சி செய்து கேட்டிருக்கிறார், குளியலறையில், காரில், பூட்டிய கடைக்குள். இப்படிக் கேட்டதில்லை. தூங்குகிற தகப்பன் ஒருவன் அந்த மேடையில் எங்கோ படுத்திருக்கிற மாதிரி அவள் மெல்லக் கால் வைத்து நடந்தாள். குரல் உயர்ந்து கூரையைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. இரண்டு இடத்தில் நின்றது. முடிந்துவிட்டது என்று தோன்றியது. முடியவில்லை. ஜெர்மனிக்குப் போகப் போகிறது பிள்ளை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கைகள் தாமாகவே பக்கத்தில் இருந்த ஃபிர்தௌஸின் கையைப் பிடித்துக்கொண்டன, இரண்டு கையாலும். கடைசிச் சுரம் நூல் இழையாக இழுபட்டு, எங்கே அறுந்தது என்றே தெரியாமல் காற்றோடு போனது.

பாட்டு முடிந்தது.

ஒருவரும் தட்டவில்லை.

அறுபது பேரும் மூன்றாவது வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே கை வரவில்லை. ஹாலில் மற்றவர்கள் மாலை முழுக்கக் கட்டச் சட்டைகளைப் பார்த்துத் தட்டிப் பழகியவர்கள். கட்டச் சட்டை தட்டாததால் அவர்களும் தட்டவில்லை. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமப் போய் நிறுத்திக்கொண்டார். ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. மேடையில் ஷிரினின் முகம் மெல்ல வெளுத்தது.

சாதிக் பாட்ஷா கையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. பிடித்தது அவர்தான் என்றாலும் இப்போது ஃபிர்தௌஸ் அதைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"கையை விடு ஜன்னத்து," என்றார் கரகரப்பாக. அவளுக்குக் கேட்கவில்லை.

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பத்மநாபன். சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தபடி, தனியாக, ஒரு தட்டு தட்டினார். இன்னொன்று. மூன்றாவது தட்டுக்கு ஹாலே எழுந்துவிட்டது. அம்மையப்பன் "போடுங்கடா" என்று சேதிக்குக் காத்திராமல் எழுந்தார். செக்யூரிட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

முடிவை அறிவிக்க ஜெர்மன் அம்மாள் மேடை ஏறினாள். ஆங்கிலத்தில் அவள் சொன்னதன் சாரம் இது: ஜெர்மனி இடம் ஷிரினுக்குத்தான், அந்த மெல்லிய உச்சச் சுரத்துக்கு மூன்று நடுவர்களும் முழு மார்க் போட்டார்கள், அதில் பேச்சே இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்றைய ரசிகர்கள் மிகவும் தாராளமானவர்கள். எல்லோருக்கும் தட்டினார்கள், ஒரு ஸ்டூலுக்கும் தட்டினார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்த ஒரு குரலுக்கு மட்டும் கையை மறந்து உட்கார்ந்துவிட்டார்கள். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கைதட்டலை விலைக்கு வாங்குவார்கள், இந்த அமைதியை எவராலும் வாங்க முடியாது.

"என்ன பாய் சொல்லுது அந்தம்மா?" என்று பின்னாலிருந்து கேட்டார் அம்மையப்பன்.

"நீங்க தட்டாம இருந்தது நல்லா இருந்துச்சாம்."

"அப்ப பிரியாணி உண்டுல்ல?"

கார் பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபிர்தௌஸ் பொட்டலம் பொட்டலமாக எடுத்துக் கொடுத்தாள். கடல் காற்றில் பிரியாணி வாசம் சுற்றிச் சுற்றி வந்தது. பிலிப்பைன்ஸ் பையனும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அம்மையப்பன் ஆட்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்படி ஒரு ரசிகர் கூட்டம் வாழ்க்கையில் அமைந்ததில்லை. ஷிரின் பூங்கொத்தோடு வந்து வாப்பாவின் தோளில் சாய்ந்தாள்.

"வாப்பா, இத்தனை பேர் ஒரே சட்டைல யாரு?"

"சங்கீதத்துல ஆர்வம் உள்ளவங்கம்மா."

அவள் சட்டையின் கட்டத்தைப் பார்த்தாள். அந்த ரகம் கடையில் நாலு வருடம் கிடந்தது அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே, மிளகாய் சேர்த்த பிரியாணியை எட்டு வருடத்தில் முதல் முறையாகக் கையில் எடுத்தாள்.

பத்மநாபன் ஓரமாக நழுவப் பார்த்தார். சாதிக் பாட்ஷா விடவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து, கூட்டத்துக்கு நடுவே இழுத்து வந்தார்.

"அறுபது பேரைச் சோறு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன் சார். கடைசியில என் மகளைக் காப்பாத்துனது உங்க ஒரு ஜோடிக் கைதான். என் கடையில ஆகட்டும், இங்க ஆகட்டும், யாரும் சொல்லிக்கொடுத்து நீங்க பாராட்டுனது கிடையாது. மனசுல பட்டாத்தான் உங்க வாய் திறக்கும், கை அசையும். இந்த மனாமாவுல விலைக்கு வாங்க முடியாத மனுஷன்னா அது நீங்க ஒருத்தர்தான்."

"மச்சான், அவருக்கு நேரமாச்சு, விடுங்க," என்றாள் ஃபிர்தௌஸ் அவசரமாக. பத்மநாபன் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். வேறு யாருக்கும் இல்லாத மாதிரி அதற்கு மட்டும், கோடு போட்ட சட்டைத் துணியில் தைத்த பை ஒன்று இருந்தது.

பத்மநாபன் பொட்டலத்தைப் பார்த்தார், ஃபிர்தௌஸைப் பார்த்தார், இவ்வளவு பெரிய பாராட்டைப் பொய்யாக வாங்கிக்கொண்டு போக மனசு வராமல் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பாய், வியாழக்கிழமை வியாழக்கிழமை உங்க கடையில வந்து துணியப் புகழ்ந்துட்டு, அக்கா தந்த காசுல வாங்கின துணிய அக்காகிட்டயே திருப்பிக் குடுக்கதுதான் எனக்கு டூட்டி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, லீவாக்கும். இது நானாத் தட்டினது."